லிங்கன் மீது ஒரு குற்றப்பத்திரிகை

முதலாவது, துறைமுக வாசலில் முழங்குவதற்கு நான் எழுதிக்கொடுத்த கோஷத்தைச் செல்வக்கனி தன்னுடைய கோஷம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். இரண்டாவது, தடியடி நடந்த அன்று வயிற்றுவலி என்று பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டு, அடுத்த வாரம் சாத்துக்குடிப் பையோடு எங்களைப் பாளையங்கோட்டை ஜெயிலில் பார்க்க வந்தான். மூன்றாவது, பஞ்சுப்பொதி சரிந்து எங்களோடு சுமை தூக்கிய தொம்மை செத்து, அவன் குடும்பத்துக்கு நீதி கேட்டு நாங்கள் வாசலில் பட்டினி கிடந்தபோது, பின்வாசல் வழியாகப் போய் நிர்வாகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அந்த ஒப்பந்தத்தில் தொம்மையின் பேரே இல்லை. நான்காவது, இந்தச் சங்கக் கட்டடத்தின் கல்வெட்டில் என் பேர் இருந்த வரியின் மேல், வெள்ளையடிக்கிறேன் என்று சுண்ணாம்பு பூசினான். ஐந்தாவது, அவன் மகன் என் மகளைக் கட்டினான். ஆறாவது, இதோ, என் நாற்காலிக்கு நாலடி தள்ளி நின்று, மைக்கை வாய்க்குள் திணித்ததுபோல் பிடித்துக்கொண்டு, முடிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறான். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஐந்தாவதை முதலில் வைத்தால் மகளைக் கொடுத்த வயிற்றெரிச்சல் என்று ஆகிவிடும், நான்காவதை முதலில் வைத்தால் பேருக்கு அலைகிற கிழவன் என்று ஆகிவிடும். கோபத்துக்கு ஒழுங்கு வேண்டும், ஒழுங்கில்லாத கோபம் வெறும் ரத்தக்கொதிப்பு. செல்வக்கனி, சங்கத் தலைவர். மைக்கில் என்னைத் தோழர் வைகுண்டம் என்பான், மைக்கை விட்டால் சம்பந்தி என்பான். இரண்டும் காதில் ஈ புகுந்த மாதிரித்தான் இருக்கிறது. மேலே மின்விசிறி கறக் கறக் என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகுகிறது, கழுத்தில் போட்ட துண்டு வேர்வையில் ஒட்டிக்கொண்டது, முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது. முன்வரிசையில் என் மகள் வெண்மணி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வாயைத்தான் பார்க்கிறாள். என்ன பேர் வரப்போகிறது என்று.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐயர் வேண்டாம், பாதிரி வேண்டாம், ஜாதகம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளியவர்கள், பிள்ளைக்குப் பேர் வைக்க மேடையும் மைக்கும் கட்டாயம் வேண்டும் என்று ஆக்கிவிட்டோம். மூத்த தோழர் பிள்ளையைக் கையில் வாங்குவார், கூடியிருக்கிறவர்களைப் பார்த்துப் பேரைச் சத்தமாகச் சொல்வார், கூட்டம் கைதட்டும், அதோடு பேர் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு பெற்றவள் அழுதாலும் மாறாது, தாத்தா தரையில் புரண்டாலும் மாறாது. ஊர் சாட்சி. நான் எத்தனை பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறேன்! லயன் தெருவில் மட்டும் நான் வைத்த லெனின்களை நிறுத்தினால் ஒரு கபடி ஆட்டம் நடத்தலாம். ஒரு லெனின் போலீஸில் சேர்ந்தான், ஒரு லெனின் வட்டிக்கடை வைத்தான், ஒரு லெனின் வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுகிறான். போகட்டும், பேர் என் வேலை, வாழ்க்கை அவன்கள் வேலை. இன்று என் பேரனுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று வெண்மணி ஆள் அனுப்பினாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அதுவரை அவள் வாசலையும் மிதித்ததில்லை, ஆனால் பிள்ளைக்குப் பேர் என்றதும் என்னைத்தான் கூப்பிட்டாள், கூப்பிட்ட கையோடு நிபந்தனையும் சொல்லி அனுப்பினாள். "லிங்கன்னு சொல்லணும்பா. அமெரிக்க ஜனாதிபதி லிங்கன். வேற ஏதும் பேரு உங்க வாயில வந்துச்சுன்னா அன்னைக்கோட முடிஞ்சிது. நீங்க யாரோ நாங்க யாரோ. புள்ளையப் பாக்கவும் வராதீக." அமெரிக்க ஜனாதிபதி! நான் கொளுத்தாத அமெரிக்க ஜனாதிபதி உண்டா? வைக்கோல் திணித்து, கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, பழைய பேருந்து நிலையத்தின் முன்னால் எத்தனை பேரைக் கொளுத்தியிருக்கிறோம். ஒருமுறை பதவி முடிந்து வீட்டுக்குப் போய்விட்ட ஆளைத் தெரியாமல் கொளுத்திவிட்டோம், இன்ஸ்பெக்டர் சிரித்தார், அடுத்த நாள் புது ஆளைக் கொளுத்தினோம். அந்தக் கை இன்று ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் பேரை என் பேரன் நெற்றியில் ஒட்ட வேண்டுமாம். மாட்டேன். மைக் கைக்கு வந்ததும் நான் சொல்லப்போகிற பேர் தொம்மை. செல்வக்கனி தன் வீட்டில், தன் பேரனை, சாப்பிடக் கூப்பிடும்போதும் குளிக்கக் கூப்பிடும்போதும், தான் ஒப்பந்தத்தில் விட்டுவிட்ட பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தொம்மை, வா. தொம்மை, தின்னு. தொம்மை, தாத்தாவுக்கு முத்தம் கொடு. சாகும்வரை கூப்பிடட்டும். அதற்கு விலை என் மகள், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒருவனை நான் வெறுத்ததில்லை. அது செல்வக்கனி ஜாதி செய்கிற வேலை. லிங்கன் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதற்காக மாவட்ட நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். என் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரப் படிப்பு, எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், பின்னட்டையில் சந்தா விவரம். அதைக் கேவலமாக நினைக்கிற பட்டதாரிகளை எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தலையணை தடிமனுக்குப் புத்தகம் வேண்டும், தூங்குவதற்கு. நூலகத்தில் லிங்கன் ஒரு தட்டு முழுக்க இருந்தான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மரக்கட்டைக் குடிசையில்தான் பிறக்கிறான். பிறக்கட்டும், இங்கே யார் மாளிகையில் பிறந்தது? மரக்கட்டை கிடைத்ததே பெரிசு, எங்களுக்குப் பனையோலை. பள்ளிக்கூடம் ஒரு வருடம்கூடச் சேர்ந்தாற்போல் போகவில்லையாம், அடுப்பு வெளிச்சத்தில் படித்தானாம். நான் லாந்தர் வெளிச்சத்தில் படித்தேன், எவன் எனக்குத் தட்டு நிறையப் புத்தகம் எழுதினான்? கடை வைத்து நொடித்தான், தேர்தலில் தோற்றான், மறுபடி தோற்றான். சரி, தோற்றவன் என்றதும் லேசாக ஒரு மரியாதை வந்தது, உடனே அதை நசுக்கினேன். ஏனென்றால் அடுத்த அத்தியாயத்தில் அவன் ரயில்வே கம்பெனிக்கு வக்கீல். கம்பெனி வக்கீல்! அந்தக் கம்பெனி மேலேயே ஃபீஸ் பாக்கிக்கு வழக்குப் போட்டு வாங்கியும் இருக்கிறான், அதையும் பெருமையாக எழுதியிருக்கிறான் எழுதினவன். அப்புறம் அடிமை விடுதலை, அடிமை விடுதலை என்று தாரை தப்பட்டை. நன்றாகப் படித்துப் பார்த்தால், தேசம் உடையாமல் இருப்பதுதான் தனக்கு முக்கியம், அடிமை முறை இருந்தாலும் போனாலும் இரண்டாம் பட்சம் என்று பத்திரிகைக்காரனுக்கு அவனே எழுதியிருக்கிறான். விடுவித்த பிரகடனமும் எதிரி கையில் இருந்த மாநிலங்களுக்குத்தான், தன் பக்கம் நின்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு அதில் விடுதலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்ட தர்மவான். அதற்கு முந்தின வாரம்தான், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், கஞ்சிக்கில்லாமல் கலகம் செய்த டகோட்டா பழங்குடிகள் முப்பத்தெட்டுப் பேரை ஒரே மரச்சட்டத்தில் ஒரே நேரத்தில் தூக்கில் போட்டிருக்கிறார்கள். உத்தரவு இவன் கையெழுத்தில். முந்நூற்றுக்கும் மேலான பேருக்குத் தண்டனை எழுதி வந்ததை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் குறைத்தானாம், கருணையாம். செல்வக்கனிகூடச் சொல்வான், கையெழுத்துப் போட்டதால்தான் மற்றவர்களுக்காவது வேலை மிஞ்சியது என்று. எல்லாக் கையெழுத்துக்காரனும் இதையே சொல்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், நாற்காலி கிரீச்சிட எழுந்தேன், பக்கத்தில் வேலைக்குப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்த பெண் உஸ்ஸ் என்றாள். முப்பத்தெட்டுப் பேர் செத்ததற்குச் சந்தோஷம் இல்லை. மாட்டினானே, அதற்கு.

நேராக வெண்மணி வீட்டுக்குப் போனேன், வாசலிலேயே நின்று சொன்னேன், உள்ளே போகவில்லை. அவள் புருஷன் அறிவழகன், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தான். அவனுக்கு லிங்கன் பைத்தியம் பிடித்ததே, லிங்கன் தன் மகனின் வாத்தியாருக்கு எழுதியது என்று எல்லா ஹெட்மாஸ்டர் அறையிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற கடிதத்தைப் பார்த்துத்தான். அதை லிங்கன் எழுதினான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அதையும் கண்டுபிடித்துக்கொண்டுதான் போயிருந்தேன், முதல் அடி அங்கேதான் போட்டேன். மாப்பிள்ளை விசிறுவதை நிறுத்தவில்லை. "தெரியும் மாமா. யாரு எழுதுனா என்ன, வாத்தியாரு படிச்சா நல்லதுதானே. நீங்க எழுதுன கோஷத்துலயும் உங்க பேரு இல்லைலா?" என்றான். அப்பனைப் போலவே வழவழா. சிரிக்கிறானா குத்துகிறானா என்று முகத்தில் தெரியவில்லை. அவனை விட்டு மகளிடம் முப்பத்தெட்டுப் பேரைச் சொன்னேன், ரயில்வே கம்பெனியைச் சொன்னேன், பிரகடனத்தைச் சொன்னேன், பொதுக்கூட்டத்தில் சொல்வதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று. முடிக்கவிட்டாள். பிறகு கேட்டாள், "எனக்கு வெண்மணின்னு வச்சீகளே, என்னைக்காவது என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?" பிறந்த பிள்ளையை எப்படிக் கேட்பது என்றேன். "பள்ளிக்கூடத்துல வருசா வருசம் புது டீச்சர் கேப்பாக, என்ன பேரு இது, யாரு வச்சான்னு. கூலி கேட்டவங்கள குடிசையோட வச்சி எரிச்ச ஊரும்மான்னு நான் சொல்லணும். ரெண்டாங்கிளாஸ்ல சொல்லணும். அவ்வளவு பேரு வெந்ததையும் நான் சொமக்கணும். உங்களுக்குத் தோத்தவன், செத்தவன், எரிஞ்சவன், இவுகதான் வேணும். எம்புள்ளைக்கு ஜெயிச்சவன் பேரு வேணும்பா. ஒரே ஒரு ஜெயிச்சவன்." ஜெயிச்சவனா, நாடகம் பார்க்கப் போன இடத்தில் பின்மண்டையில் சுடப்பட்டுச் செத்தவன், காவலுக்கு நின்றவன் இடத்தை விட்டுப் போயிருந்தான், அதுவும் படித்திருக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டேன். குடை எடுக்காமல் போய்விட்டதால் வெயிலில் திரும்பி நடந்தேன். வெண்மணி என்ற பேரை மேடையில் நான் சொன்னபோது ஊரே எழுந்து நின்றது. எழுந்து நின்ற ஊர் ரெண்டாம் கிளாஸில் இல்லை, அது என் தப்பா? இங்கே மண்டபத்தில் கைதட்டுகிறார்கள். எதற்கு? செல்வக்கனி ஏதோ திருக்குறளைத் தப்பாகச் சொல்லியிருக்கிறான், தப்பாகச் சொன்னால்தான் இந்தக் கூட்டம் தட்டும்.

மறுநாளும் நூலகம் போனேன். வழக்கை இன்னும் இறுக்க வேண்டும் என்றுதான் போனேன், வேறு எதற்கும் இல்லை. அங்கேதான் அந்த இடறல். லிங்கன் இரண்டாம் தடவை ஜெயித்ததற்கு லண்டனில் இருந்த தொழிலாளர் சங்கம் வாழ்த்து அனுப்பியிருக்கிறது, அந்த வாழ்த்தை எழுதியவர் மார்க்ஸ். அச்சுப்பிழை என்று நினைத்தேன். வேறு புத்தகம் எடுத்தேன், அதிலும் மார்க்ஸ். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், அப்போதும் மார்க்ஸ்தான், தாடியோடு. பாட்டாளி வர்க்கத்தின் மனம் தளராத மகன் என்ற அளவுக்கு வானத்தில் தூக்கி வைத்திருக்கிறார். அதற்கு அந்தப் பெரிய மனிதன் தானாகப் பதில் எழுதவில்லை, தூதர் மூலமாக வந்தது மரியாதைக்கு நாலு வரி. இதை ஏன் எனக்கு எந்தப் பிரசுரமும் சொல்லவில்லை? எட்டுப் பக்கத்தில் இடம் இல்லையா? சந்தா விவரத்துக்கு இடம் இருந்ததே! தாடிக்காரர் மேலேயே கோபம் வந்தது, அப்புறம் கோபப்பட்டதற்குப் பயம் வந்தது, கோயிலை விட்டுவந்தவனுக்கு இப்படியும் ஒரு சாமிக்குற்றம். அவர் முப்பத்தெட்டுப் பேரைப் படித்திருப்பாரா? படித்தும் எழுதினாரா? பக்கத்தைப் புரட்டினேன். அமெரிக்க உள்நாட்டுச் சண்டையில் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடக்க, மான்செஸ்டர் தொழிலாளிகள் பட்டினியோடு கூட்டம் போட்டு, அடிமை விளைவித்த பஞ்சு எங்களுக்கு வேண்டாம், லிங்கன் போட்ட துறைமுக முற்றுகை தொடரட்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு லிங்கன் தானே பதில் எழுதினான். பட்டினியோடு தீர்மானம். அது எனக்குத் தெரியும். அந்த வயிறு எனக்குத் தெரியும், மூன்றாம் நாளுக்குப் பிறகு பசி இருக்காது, வாய் மட்டும் கசக்கும். அந்தப் பஞ்சுக்குப் பதில் எந்தப் பஞ்சு கப்பல் ஏறியது? திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு, இதே தூத்துக்குடிக் கரையிலிருந்து. அங்கே அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு சாக, இங்கே கமிஷன் கடைக்காரன் மாடி கட்டினான், சண்டை முடிந்து விலை சரிந்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். பொதி சுமந்தவனுக்குக் கூலி கூடியது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, தேடிப் பார்த்தேன். அந்தப் பொதிகளின் வாரிசுப் பொதிதானே தொம்மை மேல் சரிந்தது. இப்படியே நினைத்துக்கொண்டு போனால் லிங்கனும் தொம்மையும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் நிற்கிறார்கள், அப்படி நிற்கக் கூடாது, ஒருவன் ஜனாதிபதி, ஒருவன் செத்தவன். செத்தவனுக்கு வாழ்த்து எழுத லண்டனில் யாரும் இல்லை. என் ஒருத்தன் வாய்தான் இருக்கிறது. தொம்மை. மைக் வரட்டும்.

தொம்மையின் சம்சாரம் சூசையம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தால்தான் முறை என்று நேற்றுக் காலை போயிருந்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். அவர் பேர் நிலைக்கட்டும், அந்தச் செல்வக்கனிப் பய வாய் ஒவ்வொரு நாளும் வேகட்டும் என்றேன். "அவன் வாய் வேகுறதுக்கு எம்புருசன் பேரு கரியா? அவரு ஒருக்காச் செத்தாரு, போதும். நீங்க கூட்டத்துக்குக் கூட்டம் சாகடிச்சீக. ஒரு பச்சப்புள்ள மேலயும் ஏத்தி வைக்கணுமாக்கும்." பெண்களுக்கு அரசியல் புரியாது என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை, நேற்றும் சொல்லவில்லை, மனதுக்குள் மட்டும் சொன்னேன். "நாளைக்கு வாரியா?" என்று கேட்டேன். "வாரேன், உம்ம பேரனுக்கு வாரேன். வெண்மணி கூப்பிட்டா" என்றாள். வந்திருக்கிறாள். மூன்றாவது வரிசை ஓரத்தில், வெள்ளைச் சேலை, கையில் ஒரு பொதி, பிள்ளைக்குச் சட்டையாக இருக்கும். செல்வக்கனி அவளைப் பார்த்துவிட்டான். குரலை இறக்குகிறான். எனக்கு அந்த இறக்கம் தெரியும், அதை அவன் என்னிடமிருந்துதான் எடுத்தான். "தோழர்களே! இந்தத் துறைமுகம் பல தியாகிகளைக் கண்டது. பொதிக்கடியில் தன் இன்னுயிரை ஈந்த அருமைத் தோழர் தொம்மையை இந்த நன்னாளில் நான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று இரவும் பகலும் நான் அழுத கண்ணீர்..." அழுதானா! கைக்குட்டையை எடுக்கிறான், அடப்பாவி, கண்ணில் உண்மையிலேயே தண்ணீர். "என் பேரனுக்கே அந்தப் பெயரைச் சூட்டலாமா என்றுகூட நான் யோசித்ததுண்டு." கூட்டம் தட்டுகிறது, விசில் அடிக்கிறான் ஒருவன். தொம்மை, தொம்மை, தொம்மை என்று இன்னும் மூன்று தடவை சொல்கிறான், கற்கண்டை வாயில் போட்டு உருட்டுகிற மாதிரி, கொஞ்சம்கூட வேகவில்லை அந்த வாய். வேகாது. எதைப் போட்டாலும் வேகாத வாய் அது. நான் அந்தப் பேரைச் சொன்னால் இவன் எழுந்து நின்று என்னைக் கட்டிப்பிடிப்பான். பேப்பர்க்காரன் படம் எடுப்பான். கூப்பிடும்போதெல்லாம் இனிக்கும் இவனுக்கு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவான், என் பேரன் பேர் தொம்மை, தெரியுமா, தியாகி. சூசையம்மா தட்டவில்லை. பொதியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். போதும். தொம்மை பேரை நான் எடுக்கவில்லை. அது அவளிடம் இருக்கட்டும், இந்த மண்டபத்தில் அதைத் தின்னாத ஆள் அவள் ஒருத்திதான்.

ஆக என்ன மிச்சம்? மைக்கைச் செல்வக்கனி என் பக்கம் நீட்டுகிறான், வேறு பேர் யோசிக்க நேரம் இல்லை, இருந்த பேர்களையெல்லாம் லெனின்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டேன். எழுந்தால் முழங்கால் பளீரென்கிறது. காதோரம் குனிகிறான், வெற்றிலை வாடை. "சம்பந்தி, சுருக்கமா முடிச்சிரும், பிரியாணி ஆறுது. இனிஷியலோட சேத்து அ. லிங்கன்னு சொல்லும் என்ன, எம்மவன் பேரு விட்டுப்போவக் கூடாது. எங்க குடும்பத்துப் பேரு." எங்க குடும்பத்துப் பேராம்! வெண்மணி மேடை ஏறி வருகிறாள், பிள்ளையை என் கையில் வைக்கிறாள், கை எடுக்கும்போது ஒரு கணம் தயங்குகிறாள், என்னை நம்பவில்லை, நம்பாததும் சரிதான், என் பிள்ளை. பிள்ளை கனமாக இருக்கிறது, சூடாக இருக்கிறது, செல்வக்கனி மூக்கு, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. லிங்கா, உன் மேல் என்னிடம் குற்றப்பத்திரிகை தயாராக இருக்கிறது, ரயில்வே கம்பெனி, பிரகடனம், முப்பத்தெட்டுக் கயிறு, ஒன்றையும் தள்ளுபடி செய்யவில்லை, விசாரணை என் காலத்துக்குப் பிறகும் நடக்கும். பட்டினி கிடந்தவர்களுக்கு நீயே பதில் எழுதினாய் என்பதற்காக உன்னை ஜாமீனில் விடுகிறேன், அவ்வளவுதான், இதில் பாசம் கீசம் என்று எவனும் நினைக்க வேண்டாம். ஜெயித்தவன் வேண்டும் என்கிறாள், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எந்த ஜெயித்தவனும் தனியாக ஜெயிக்கவில்லை, யாரோ எரிந்த இடத்திலிருந்துதான் எழுந்து வந்தான், அதை இந்த ஊர் ஒரு பேருக்குள்ளேயே கேட்கட்டும். அப்பன் பேர்தான் முன்னால் வர வேண்டும் என்று எந்தப் புரட்சி சொன்னது? கூட்டம் அமைதியாகிறது. மின்விசிறி முனகுகிறது. வெண்மணி என் வாயைப் பார்க்கிறாள். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன், எனக்கு எப்போதும் மைக் தேவைப்பட்டதில்லை.

"தோழர்களே, அனைவரும் சாட்சி. இந்தப் பிள்ளையின் பெயர், வெண்மணி லிங்கன்."